பொட்டு வைத்த தடாகம்

விமலாதேவி மல்லாந்து மிதக்கப் பழகியது 1977 தை மாதத்தில், தன் நாற்பத்தாறாவது வயதில். அதற்கு முன் அவள் இறங்கிய ஆழமான தண்ணீர் என்றால், மாரி மழைக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஒழுங்கையில் கணுக்கால் மட்டும் நின்ற வெள்ளம்தான். முகம் தண்ணீருக்குள் போனால் உயிர் திரும்பி வராது என்று அவள் உறுதியாக நம்பினாள். சிட்னியின் கிரவீனில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவுத் தடாகம் அதைப் பெரிதுபடுத்தாமல், அவளை முதுகோடு ஏந்திக்கொண்டது.

காதிரண்டும் தண்ணீருக்குள் போனதும் உலகம் வாயை மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டு நாய், பென்டில் ஹில் ரயில், கணவர் கணேசலிங்கத்தின் பிரசங்கம் எல்லாம் அடங்கிவிடும். மேலே யூகலிப்டஸ் இலைகள் மிதக்கும், கீழே அவள். ஒருநாள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது தான் எந்த நாட்டில் மிதக்கிறோம் என்று கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது.

அந்தத் தடாகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. தடாகம் புதிதென்றால் தேங்காய் உடைக்கவேண்டும் என்று தைப்பூசத்தன்று கணேசலிங்கம் கரையில் ஓங்கி உடைத்தார். சிரட்டைச் சில்லு ஒன்று உள்ளே விழுந்தது. எடுக்கப் பாய்ந்தவரின் குதிக்கால் அதன்மேலேயே இறங்கியது. அடியில் விரித்திருந்த நீல வினைல் லைனரில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல்; தண்ணீர் கசியத் தொடங்கியது.

சித்திரையில் வீட்டுக்காரர் டொய்ல் வந்து பார்த்தார். குளிர்காலம் முடிந்து செப்டெம்பரில் வருவேன், தண்ணீர் நின்றால் தடாகம் இருக்கும், இல்லாவிட்டால் மண்ணைக் கொட்டிப் புல் வளர்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு விமலா சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு மார்கரெட் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவள், தடாகச் சாமான் கடையில் வேலை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வழி சொன்னாள்.

"தண்ணிய ஒரு முழம் எறக்குங்க அக்கா, போதும். கிழிசல தண்ணிக்குள்ளேயே ஒட்டலாம், அதுக்குப் பசை இருக்கு. அப்புறம் மருந்து போட்டு தார்ப்பாய இழுத்துக் கட்டிடுங்க. முழுசா மட்டும் காலி பண்ணாதீங்க. அடியில உள்ள ஈரம் லைனரத் தூக்கிடும்."

விமலா இதைக் கணவரிடம் அட்சரம் பிசகாமல் ஒப்புவித்தாள்.

"மார்கரெட் கிணறு கண்டவளோ?" என்றார் அவர். "வருசத்துக்கு ஒருக்கா அடிமட்டும் இறைச்சு, சேறள்ளி, சாம்பிராணி காட்டினால்தான் தண்ணி சுத்தமாய் ஊறும். நீர் பேசாமல் வேலைக்குப் போட்டு வாரும்."

அவள் திரும்பி வந்தபோது தடாகம் வெறும் நீலக் குழி. நடுவில் கணேசலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சாம்பிராணித் தட்டோடு நின்றார். புகை மேகமாகக் கிளம்பியது. சிட்னிக்குப் போன விமானங்கள் வழி தெரியாமல் மெல்பேர்னில் இறங்கின என்று பிறகு பேச்சு.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறியள்? கிழிசலை ஒட்டினியளோ?"

"ஒட்டுறதோ? விசரே உமக்கு? அதுதான் ஊத்துக்கண். இருந்து பாரும்."

இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை லைனர் மெல்ல எழுந்தது. முதலில் ஒரு தலையணை, பிறகு ஒரு யானைக்குட்டி, பத்து மணிக்கு வளவுக்குள் ஒரு நீல மலை. அது மூச்சுவிடுவதுபோல் அசைந்தது. விமலாவுக்கு அது அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"ஊத்து வந்திட்டுது!" என்று துள்ளினார் கணேசலிங்கம்.

"ஊத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணே! மலைய உடனே தண்ணி விட்டு அமுக்குங்க!" என்று வேலிக்கு மேலால் கத்தினாள் மார்கரெட்.

இரவு பகலாகக் குழாய் ஓடியது. பாரம் ஏற ஏற மலை சிறுத்து, சுருக்கம் விழுந்து, பழைய இடத்தில் படுத்தது. ஆனால் ஒவ்வொரு மாலையும் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. கிழிசல் குடித்துக்கொண்டே இருந்தது.

மழையில் நின்ற கணேசலிங்கத்துக்குக் காய்ச்சல். கொத்தமல்லித் தண்ணியோடு போர்வைக்குள் கிடந்தார். மார்கரெட் பசையைக் கொண்டுவந்து நீட்டினாள். கடையில் நீல வினைல் முடிந்துவிட்டதாம். உடைந்த கடற்கரைப் பந்திலிருந்து ஒரு சிவப்பு வட்டத்தை வெட்டியிருந்தாள்.

"எனக்கு நீந்த வராது அக்கா. நீங்கதான் போகணும். தண்ணி இடுப்பளவுதான்."

"இடுப்பைப் பற்றி ஆர் கதைச்சது? முகமெல்லோ போகவேணும்!"

வைகாசிக் குளிர் எலும்புக்குள் வயலின் வாசித்தது. விமலா கிழிசலுக்கு நேரே நின்றாள். இத்தனை நாள் ஏந்தியதற்கு முகத்தையாவது கொடுக்கவேண்டாமா என்று நினைத்தாள். கண்ணை மூடிக் குனிந்தாள்.

உயிர் போகவில்லை. கண்ணைத் திறந்தாள். ஆகாயம் கீழேயும் இருந்தது! நீலம், நீலத்துக்குள் வெளிச்சக் கோடுகள், அவற்றுக்கிடையே தன் சொந்தக் கைகள் யாரோ ஒருத்தியின் கைகளாய் மெதுவாக மிதந்தன. கிழிசல் சின்ன வாய்போல் மணலை விழுங்கிக்கொண்டிருந்தது. பசை பூசிய வட்டத்தை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் அமர்த்தினாள். மூச்சுக்கு எழுந்து, மறுபடி குனிந்து, ஏழு தரம் அமர்த்தினாள். ஏழாம் தரம் ஒட்டுவதற்காகக் குனியவில்லை, பார்ப்பதற்காகக் குனிந்தாள். உள்ளே இருந்தது அரை நிமிடம். பிறகு கணவர் தூங்கும் நேரங்களில் தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்து இறங்கி, ஆவணிக்குள் அதைப் பதினொரு நிமிடமாக வளர்த்தாள்.

கண்மையால் சுவரில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். தண்ணீர் கோட்டை விட்டு அசையவில்லை. மருந்து போட்டு, காய்ச்சல் மாறிய கணேசலிங்கத்தோடு தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். அவள் சொன்ன இடத்திலெல்லாம் அவர் கயிற்றை முடிந்தார். அது அந்த வருடத்தின் இரண்டாவது அதிசயம்.

செப்டெம்பரில் டொய்ல் வந்து தார்ப்பாயை விலக்கினார். தண்ணீர் அளவாக நின்றது. மழை கூட்டியதை வெயில் குடித்துச் சரிசெய்திருந்தது. அடியில் சிவப்பாய் ஒரு வட்டம். இது என்ன என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, விமலா இறங்கிவிட்டாள். கை கால் அகல, முகம் கீழே, அசையாமல் மிதந்தாள்.

"ஐயோ விமலா!" கணேசலிங்கம் சப்பாத்தோடு பாயப் போனார். டொய்ல் அவரது இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்தார்.

விமலா ஆற அமர முகத்தைத் தூக்கினாள். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது.

"கத்தாதேங்கோ. பொட்டு அழியாமல் இருக்கோ எண்டு பார்த்தனான்."

சொல்லிவிட்டு மறுபடி குப்புறக் கவிழ்ந்துகொண்டாள்.