திறக்காத பெட்டிக்கு ஒரு ஒப்பாரி

அந்தப் பள்ளத்தாக்கில் செத்தவர்கள் எல்லோருமே நல்லவர்கள். அதற்குக் காரணம் சல்கின். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரி கட்டிக் கொடுப்பவள் அவள்தான். பாட வராத விதவைகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைத்தால் போதும், மானம் காப்பாற்றப்படும். ஆடுகளுக்கு வந்த தடுப்பூசி மருந்தை மலைக்கு அந்தப் பக்கம் விற்றுத் தின்ற கால்நடை டாக்டர் போய்ச் சேர்ந்தபோது, "பனிமலை உச்சியில் பறந்த வெள்ளை ராஜாளியே" என்று பாடினாள். பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரத்தைக் கழற்றித் தன் குதிரை லாயத்துக்குப் போட்டுக்கொண்ட தலைமையாசிரியர், அவள் வாயில் ஊருக்கே நிழல் தந்த மரமானார். வகுப்பில் மழையில் நனைந்து காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் பெற்றோர்கூட அன்றைக்குத் தேம்பி அழுதார்கள். அல்லா இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் சல்கினும் துணிந்து பாடிவந்தாள்.

இப்போது சாவு அவள் வீட்டுக்கே வந்துவிட்டது.

மாஸ்கோவிலிருந்து விமானத்திலும், பிறகு வாடகை லாரியிலும் வந்த துத்தநாகப் பெட்டி அது. உள்ளே இருப்பது அவள் ஒரே மகன் எர்மெக், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவன் என்று பெட்டியில் ஒட்டியிருந்த தாள் சொன்னது. நாளாகிவிட்டது, திறக்கக் கூடாது என்றும் அதே தாள் சொன்னது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்கென்று மாஸ்கோவுக்குப் பஸ் ஏறியவன், எட்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. போனில் "நல்லா இருக்கேம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பி, பெட்டியும் அதற்குள் வந்துவிட்டது. வழக்கப்படி பெண்கள் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். செத்தவனின் உடுப்பைச் சுவரில் தொங்கவிட்டு அதைப் பார்த்துத்தான் பாட வேண்டும். நல்ல உடுப்பையெல்லாம் எர்மெக் கொண்டுபோய்விட்டதால், மிஞ்சிய பள்ளிக்கூடக் கோட்டை மாட்டினார்கள். பெட்டிக்குள் இருப்பவனுக்கு அதன் கைகூட நுழையாது.

வெளியே ஆண்கள் கம்பை ஊன்றிக் குனிந்து, "தம்பீ, என் தம்பீ" என்று ஓலமிட்டு முடித்தார்கள். இனி உள்ளேயிருந்து பாட்டு எழ வேண்டும். எழவில்லை.

"அக்கா, ஆரம்பி. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்று கிசுகிசுத்தாள் பக்கத்தில் இருந்த குலிபா. சல்கினின் கொழுந்தன் பெண்டாட்டி.

சல்கின் வாயைத் திறந்தாள். பழகிய தொண்டை தானாகவே பாடியது: "பனிமலை உச்சியில் பறந்த வெள்ளை ராஜாளியே..."

"இது அந்த மாட்டு டாக்டரோடதுல்ல?" என்றது பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல்.

"சும்மா இரு பாட்டி. அவனுக்குப் பாடினது இவனுக்கு ஆகாதா?" என்று அதட்டினாள் இன்னொருத்தி.

சல்கின் வாயை மூடிக்கொண்டாள். ராஜாளி போயிற்று. மரம் போயிற்று. வெள்ளி இடுப்புப்பட்டை, இருட்டில் வழி காட்டிய நட்சத்திரம், ஆற்றைத் தாண்டிய குதிரை என்று இருந்ததையெல்லாம் ஒவ்வொரு திருடனோடும் ஒவ்வொன்றாகப் புதைத்தாகிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு என்று ஒரு சொல் பாக்கியில்லை. கோட்டைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பையன்தான் தெரிந்தான். பெட்டியைப் பார்த்தாள். யாருமே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதைத் தூக்கிவிடுவார்கள். அதற்குள் அவனைப் பாடாவிட்டால், முகம் தெரியாத எவனையோ அனுப்பி வைத்ததாகத்தான் ஆகும்.

இமாம் வாசலில் வந்து நின்றார். வெளியூரில் படித்துப் புதிதாக வந்திருந்த இளைஞர். "அம்மா, கண்ணீர் விடலாம், தப்பில்ல. ராகம் போட்டுப் பாடுறதுக்கு மார்க்கத்துல இடமில்ல. ஏற்கெனவே தாமதம், தூக்கிடலாமா?"

"ஒரு நிமிஷம் இமாம், நான் நாலு வார்த்தை பேசிடறேன்" என்று குறுக்கிட்டார் ஊர்த்தலைவர் துய்ஷெனாலி. மருமகனிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "தாய்நாட்டின் பொருளாதாரத்துக்குத் தோள் கொடுத்த வீரப் புதல்வன் எர்லான்..." பெயர் எர்மெக் என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நாலு வார்த்தை வளர்ந்து, புதிதாகக் கட்டப்போகும் பாலத்தில் போய் நின்றது.

அந்தச் சந்தடியில் சல்கின் எழுந்து போய், பெட்டியோடு வந்திருந்த பெக்மிர்ஸாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "தம்பி, நீ அவன்கூட இருந்தவன்தானே? எப்படி இருந்தான், சொல்லு."

"நல்ல பையன்மா."

"அது எல்லாச் சாவுலயும் சொல்றது. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். வேற சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "உள்ளதைச் சொல்லிடறேன்மா. எனக்குப் பகல் வேலை, அவனுக்கு ராத்திரி வேலை. பேசிக்கிட்டதே கம்மி. பெட்டிகூட வர்ற ஆளுக்கு டிக்கெட் சும்மா கிடைக்கும்னாங்க. எனக்கும் வீட்டைப் பாக்கணும்போல இருந்துச்சு..."

"எதாவது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா." சட்டை கிழிந்துவிடும்போல இருந்தது.

"கொறட்டை விடுவான்மா" என்றான் பெக்மிர்ஸா, கூச்சத்தோடு. "ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு பேரும் ரூம்ல இருப்போம். அவன் விடுற சத்தத்துல பக்கத்து ரூம்காரன் செவுத்தை இடிப்பான். எழுப்பினா, நான் தூங்கவே இல்லடான்னு சத்தியம் பண்ணுவான்."

இங்கே இருந்தவரை அவன் குறட்டை விட்டதில்லை. அப்படியானால் அங்கே போய்த்தான் அந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். அதற்கு அகன்ற மார்பு வேண்டும். தடித்த கழுத்து வேண்டும். சிமெண்டு மூட்டை சுமந்து இறுகிய தோள் வேண்டும். சல்கின் சுவரோரம் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சத்தத்திலிருந்து ஒரு ஆம்பிளை கொஞ்சம் கொஞ்சமாக உருவாகி வந்தான். தாடி முளைத்தது. முகம் மட்டும் வரவில்லை. முகத்துக்கு வந்ததும் கை நழுவியதுபோலக் கலைந்துபோனான். மறுபடி சேர்த்தாள். மறுபடி கலைந்தான்.

நான் ஒருத்தி எத்தனை தடவைதான் செய்வேன் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஏற்கெனவே இவனை ஒரு முறை செய்தவன் ஒருவன் இருக்கிறானே. ஆண்டவனே, நீ கேட்கக் கூடாது என்று இத்தனை காலம் பாடினேன். இன்றைக்குக் கேள். நீ கேட்கவில்லையென்றால் அது வெறும் தகரப் பெட்டி.

பாட்டு உடைந்த குரலில் புறப்பட்டது.

"கொறட்டை விடுவானாம் என் புள்ள, நான் கேட்டதில்ல, ஆண்டவனே,
பெட்டியைத் திறக்க எனக்கு உரிமையில்ல, உனக்கு உண்டு,
உள்ள இருக்கிறது அவன்தானான்னு நீ குனிஞ்சு பாரு.
ராஜாளியைத் தேடாதே, அவன் ராஜாளி இல்ல,
மேய்க்கப்போன இடத்துல தூங்கி ஆட்டைத் தொலைச்சவன்.
எழுப்பினா, தூங்கலன்னு சத்தியம் பண்ணுவான், நம்பாதே..."

பின்னாலிருந்த கிழவி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"என்னம்மா இது, கொறட்டை கிறட்டைன்னு! இங்க பதிவாயிட்டிருக்கு!" என்று வெளியிலிருந்து சீறினார் துய்ஷெனாலி.

இமாம் தடுப்பதற்குக் கையை உயர்த்தினார். ஆனால் இது ஒப்பாரியா, இறைவனிடம் கேட்கும் துஆவா? படித்த கிதாபுகளை அவர் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தபோதே ஆண்கள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார்.

இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. பெட்டி வாசலைத் தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டு, மாவு பிசையவும் கறி வேகவைக்கவும் எழுந்துவிடுவதுதான் வழக்கம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சல்கின் மட்டும் முதலிலிருந்து தொடங்கினாள், எர்மெக் பிறந்த பனிக்காலத்திலிருந்து.

"அக்கா, போதும்" என்று குலிபா தோளைத் தொட்டாள். "கேக்கிறதுக்கு ஒரு ஆள்கூட இல்ல."

"கேக்கிறவன் போகல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

போன ஆண்கள் திரும்பிவந்து கை கழுவும் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து குலிபா மறுபடியும் வந்தாள். "மண்ணு போட்டாச்சாம் அக்கா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. எழுந்து வா, ஒரு வாய் டீயாவது குடி."

சல்கினின் குரல் கம்மிப்போயிருந்தது. உதட்டோரம் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"எங்க முடிஞ்சுது? இப்பத்தான் அவனுக்கு ஏழு வயசாகுது. முன்பல்லு விழுந்திருக்கு. நீ போ, நான் வர நேரமாகும்."