நெற்றிக்காசு

செத்துப்போன துளசிங்கத்தைக் குளிப்பாட்டிக் கோடி வேட்டி சுற்றிக்கொண்டிருந்தபோதே துபாஷி தேசப்பன் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் ஒரு சேவகன். ஒல்லாந்தர் கச்சேரியிலிருந்து துக்கம் கேட்க ஆள் வருகிறதே என்று தெருவே வாயைப் பிளந்தது. துக்கம் கேட்கவா வந்தார் மகராசன்?

"பதக்கத்தை வாங்கினு வரச் சொன்னாரு கச்சேரி துரை. வாங்கினவன் செத்தா திருப்பி அனுப்பணும்னு அதைக் குடுத்த சீமையில சட்டம்."

செத்தவரின் மகள் பவுனம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னொரு ஐப்பசியில் முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து செர்மானியத் துரை ஒருவர் அலைக்குள் போனார். கரையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, குதித்து, தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தவர் அவள் நைனா. அந்தத் துரையின் ஊர் ராஜா கப்பலேற்றி அனுப்பிய வெள்ளிப் பதக்கம் அது. சண்டை போட்டவனுக்கு இல்லை, நல்லது செய்த குடிகளுக்குத் தருவது என்று அன்றைக்குப் படித்துச் சொன்னவரும் இதே தேசப்பன்தான். திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் அந்த வாய் சொல்லவில்லை.

"குடுத்துடு பவுனு. கச்சேரி வம்பு நமக்கு இன்னாத்துக்கு?" என்றான் அண்ணன் பொன்னுரங்கம்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பவேயில்லை. "தரேன் துபாஷி. எங்க நைனா இழுத்தாந்த துரையைக் கூட்டினு வந்து, எடுத்த எடத்துலயே திருப்பிப் போடுங்க. அப்பறம் வாங்கிக்குங்க."

பவுனம்மாள் பெட்டியைத் திறந்து, வலைநூலில் கோத்திருந்த பதக்கத்தை எடுத்தாள். சந்தனத்தை அப்பி, காசு வைக்கவேண்டிய நெற்றியில் அதை வைத்து அழுத்தினாள்.

"நெத்திக்காசு வெட்டியானுக்கு. வேணும்னா சுடுகாட்டுல கருப்பனைக் கேளுங்க."

பிணத்தைத் தொட்டால் தலைமுழுக வேண்டும். தேசப்பன் சேவகனைப் பார்த்தார். சேவகன் தெருவுக்கு அப்பால் கிடந்த ஏரியைப் பார்த்தான். "அவன் எங்க போயிடுவான், பாத்துக்கறேன்," என்று துபாஷி தெருமுனையில் போய் நின்றுகொண்டார்.

பாடை போயிற்று. பெண்கள் தெருமுனையோடு நின்று திரும்பினார்கள். பவுனம்மாள் திரும்பவில்லை, அழவுமில்லை. ஒரு அதட்டலுக்குத் தாங்குவானா கருப்பன்?

வெயில் சாயும்போது கருப்பன் வந்தான். உடம்பெல்லாம் சாம்பல், கழுத்தில் பதக்கம். எப்போதும் ஓரமாகப் பதுங்கிப் போகிறவன் நடுத்தெருவில் வந்தான்.

"கழட்டிக் கீழ வைடா," என்றார் தேசப்பன்.

"நெத்திக்காசு என்னுதுங்க சாமி. வேணும்னா நீங்களே கழட்டிக்குங்க." கருப்பன் நெஞ்சைக் காட்டியபடி ஓரடி முன்னால் வைத்தான்.

தேசப்பன் ஓரடி பின்னால் வைத்தார். கருப்பன் இன்னும் ஓரடி வைத்தான்.

துபாஷியும் சேவகனும் சுவரோரம் ஒண்டினார்கள். அண்ணன்கூட விலகினான். கருப்பன் தன்னைக் கடந்து போகும்வரை பவுனம்மாள் ஒதுங்காமல் நின்றாள்.