இடது கால் முக்கால் இஞ்ச் குறைவு

வீட்டுக்காரர் கம்பி நீட்டிவிட்டார். கட்டிடத்தை விற்றதே எனக்கு, வாங்கினவருடைய ஆள் வந்து கதவைத் தட்டிச் சொல்லித்தான் தெரியும்.

"சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றான் அவன்.

"என் அட்வான்ஸ்?"

"அதை நீங்க அவர்கிட்டதான் கேக்கணும்."

அவரை எங்கே கேட்பது? போன் நம்பரை மாற்றிவிட்டார். குடியிருந்த வீட்டையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அட்வான்ஸ் கொடுத்தபோது ரசீது கேட்டேன். "என்ன தங்கச்சி, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார். நான்தான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்டேஷனுக்குப் போனேன். "அவர் அட்ரஸைக் கொண்டு வாம்மா, பார்க்கலாம்" என்றார் எழுத்தர். அட்ரஸ் தெரிந்தால் நான் ஏன் ஐயா உங்களிடம் வருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலையே அண்ணன் போன் செய்தான். "போனது போச்சு, விடு. மெஷினைத் தூக்கிட்டு இங்க வந்துடு. மாடி ரூம் சும்மாதான கிடக்கு?" அவனுக்குப் பின்னாலிருந்து அண்ணி, "நான் அப்பவே சொன்னேன்" என்பது தெளிவாகக் கேட்டது. அந்த மாடி ரூமில் இரண்டு வருஷம் இருந்தவள் நான். ஃபேன் போடவும் கேட்க வேண்டும், விளக்கை அணைக்கவும் சொல்ல வேண்டும். அண்ணியின் சிநேகிதிகள் கொண்டுவரும் கிழிசலையெல்லாம் கூலியில்லாமல் தைக்க வேண்டும். செத்தாலும் திரும்ப மாட்டேன் என்றுதான் தையல் மெஷினோடு வெளியே வந்தேன்.

புது இடம் பார்த்தாகிவிட்டது. முன்னால் கடை, பின்னால் படுக்க இடம், மெஷின் போடுகிற பக்கம் நல்ல வெளிச்சம். "அட்வான்ஸுக்குச் சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும்தான் பார்ப்பேன். அப்புறம் கேட்டு வர்றவங்களுக்குக் கொடுத்துடுவேன்" என்றிருந்தாள் அந்த வீட்டுக்காரி. என்னிடம் இருந்த முதலெல்லாம் கம்பி நீட்டியவரிடம் மாட்டிக்கொண்ட அந்த அட்வான்ஸ்தான்.

சாமான் கட்டும்போது அளவு நோட்டு கையில் வந்தது. புரட்டினால் பழைய வீட்டுக்காரர் பக்கம். இடுப்பு நாற்பத்திரண்டு. இடது கால் முக்கால் இஞ்ச் குறைவு.

நான் குடிவந்த மாதமே பேன்ட் துணி கொண்டுவந்தார். அளவெடுத்தபோது அவருடைய இடது கால் குட்டை என்று கண்டுபிடித்தவள் நான். அதுவரை அவர் போட்ட பேன்ட் எல்லாம் இடது குதிகாலில் தேய்ந்து கிழிந்திருக்கிறது. நடைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு பக்கம் குறைத்து வெட்டித் தைத்தேன். கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போய், "யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி" என்றார். ஆறு வருஷமாக ஒரு ஈ காக்கையிடம்கூட நான் சொன்னதில்லை. வாடிக்கையாளர் உடம்பைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தை அன்று நான் உடைத்தேன். மனசு உறுத்தியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் உடைத்தேன். தையல்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், ஜிப் எங்கே மலிவு என்ற கேள்விக்குக் கீழே எழுதினேன்: "இடுப்பு 42, இடது கால் முக்கால் இஞ்ச் குறைவு. இந்த அளவு யாரிடமாவது வந்தால் சொல்லவும்." பேர் போடவில்லை. போனையும் வீட்டையும் மாற்றலாம், காலை மாற்ற முடியுமா?

வெள்ளிக்கிழமை ஒரு மாஸ்டர் கூப்பிட்டார். ஊரின் அந்தக் கோடியில் கடை.

"ஒருத்தர் அளவுக்கு ஒரு பழைய பேன்ட் கொடுத்திருக்காரும்மா. விரிச்சுப் பார்த்தா ஒரு கால் குட்டை. யாரோ கத்துக்குட்டி தைச்சதுன்னு நினைச்சேன்."

"அந்தக் கத்துக்குட்டி நான்தான் மாஸ்டர்."

"அப்படியா! நாளைக்குப் பதினொரு மணிக்கு வர்றார், வந்துடு."

பத்தரைக்கே போய் மெஷின் மறைவில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்தார். புதுச் சட்டை, சென்ட் வாசனை. போட்டுப் பார்க்கத் திரைக்குள் போனார். போட்டிருந்த பேன்ட்டைக் கழற்றித் திரைக் கம்பிமேல் போட்டார்.

"மாஸ்டர், புதுசைக் கொடுங்க."

"இருங்க சார், அயர்ன் ஆகுது" என்றார் மாஸ்டர், டீ குடித்துக்கொண்டே.

நான் எழுந்துபோய்க் கம்பியிலிருந்த பேன்ட்டை உருவினேன்.

"யாரது?"

"நான்தான் அண்ணே, உங்க தங்கச்சி."

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. இடது குதிகால் சற்றுத் தூக்கியிருந்தது.

"தங்கச்சி... நானே உனக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்."

"பண்ணுங்க. என் நம்பர் மாறல."

"இது நல்லா இல்ல. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க அண்ணே. அவங்களும் உங்க அட்ரஸைத்தான் கேட்டாங்க."

பிறகு குரல் இறங்கியது. "பேன்ட்ல பர்ஸ் இருக்கு, உள்ளதை எடுத்துக்கோ."

"நான் எடுத்தா திருட்டு. நீங்க கொடுத்தாத்தான் அட்வான்ஸ். போன் சட்டைப் பையிலதான இருக்கு? அனுப்புங்க."

என் போன் ஒருமுறை ஒலித்தது. பார்த்தேன்.

"பாதிதான் வந்திருக்கு. மாஸ்டர், கத்தரிக்கோலைக் கொடுங்க. ஒரு காலை மட்டும் வெட்டி அண்ணன்கிட்ட கொடுத்துடறேன்."

மாஸ்டருக்குப் புரையேறியது. என் போன் இன்னொரு முறை ஒலித்தது. இப்போது முழுசாக இருந்தது. பேன்ட்டை அவர் எடுத்துக்கொள்ளும்படி கம்பிமேல் போட்டேன்.

கையோடு கொண்டுவந்திருந்த அளவு நோட்டில் அவர் பக்கத்தைக் கிழித்து, பின்புறத்தில், அட்வான்ஸ் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். குரூப்பில் போட்டதை அழித்தேன். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரசீது, பிடிங்க" என்றேன். "பின்னாடி உங்க அளவு இருக்கு. இனிமே உங்களுது எதுவும் என்கிட்ட இல்ல."

வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புது பேன்ட்டைக் கேட்காமலே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, எப்ப வர்ற? வண்டி அனுப்பட்டுமா?"

"வேண்டாம் அண்ணா. அந்த மாடி ரூமை வாடகைக்கு விட்டுடு. அட்வான்ஸ் வாங்கினா மறக்காம ரசீது கொடு."