போல்ட்டுக்கு வைத்த நகப்பூச்சு

என் கணவர் ஸ்ரீவத்ஸனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் முதலில் பேச்சு நின்றுபோகும். பிறகு சாப்பாடு குறையும். அதற்கும் பிறகு எதன் மீதாவது அடையாளம் வைக்க ஆரம்பிப்பார். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று தோன்றியபோது பால் பாத்திரத்தின் உட்புறம் ஆணியால் கோடு கீறி வைத்தார். அந்தக் கோட்டால் என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தொலைபேசி இலாகாவில் லைன் எங்கே அறுந்தது என்று தேடித்தேடியே ஓய்வு பெற்றவர். தேட ஒன்றும் இல்லாவிட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது.

அதனால் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, எங்கள் பெண் விட்டுவிட்டுப் போன சிவப்பு நகப்பூச்சு எங்கே என்று அவர் கேட்டதும், எதன் மீதோ அடையாளம் வைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எதுக்கு அது?"

"லேத்துக்கு."

"ஏன்னா, லேத்துக்கு நகம் மொளைச்சிருக்கா?"

சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அந்த லேத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கோவிந்தராசு குத்தகைக்கு எடுத்திருக்கும் வயலை ஒட்டி ஒரு ஷெட். பக்கத்திலேயே வாய்க்கால். ஷெட்டுக்குள் இரண்டு இரும்புக் கால்களில் ஒரு சின்ன லேத், இரும்பைக் கடைகிற மிஷின், நிற்கிறது. ஒரு கால் வீட்டுப் பக்கம், இன்னொன்று வாய்க்கால் பக்கம், இரண்டும் தரையில் போல்ட் போட்டு இறுக்கியவை. அதில் பாதி எங்களுடையது, பாதி முபாரக் பாயுடையது. கடைத்தெருவில் பம்பு செட் கடை வைத்திருந்தவர், இப்போது மருமகனிடம் ஒப்படைத்துவிட்டார். இவர் ஓய்வு பெற்ற புதிதில் ஒரு வருஷம் கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கேட்ட கேள்விக்கு 'ம்' என்பார், அதோடு சரி. நான் சுவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். மோட்டார் ரிப்பேருக்கு வந்த முபாரக்தான், "சார், கோயமுத்தூர்ல பழைய லேத் ஒண்ணு வருது, சேந்து எடுப்போமா?" என்று கேட்டார். அன்றைக்கு எழுந்தவர்தான். இவருக்கு வேறு சிநேகிதர் கிடையாது. முபாரக் போய்விட்டால் இவர் திரும்ப அந்த நாற்காலிக்குப் போய்விடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் பயமெல்லாம் அதுதான்.

இந்தச் சித்திரையில் இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு ஒரு மராமத்து செய்தார்கள். பேரிங் மாற்றினார்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற புது மோட்டார் போட்டார்கள், அளவு எண்ணில் தெரிகிற டிஜிட்டல் ஸ்கேல் மாட்டினார்கள். வியர்வை சொட்டச்சொட்ட ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஆயில் இன்ஜின் ஒன்று செய்வதுதான் திட்டம். வயலுக்குத் தண்ணீர் இறைக்குமே, டப் டப் என்று, அதே மாதிரி, ஓடக்கூடியது.

வைகாசியில் பிசகில்லாமல் கடைந்தது. ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, கோவிந்தராசு நாற்று விட்டார். ஆடியில் லேத் கோணிவிட்டது.

கோணிவிட்டது என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கம்பியைக் கடைந்தால் இரண்டு முனையும் ஒரே பருமன் வர வேண்டும். ஒரு முனை ஒரு தலைமுடி அளவு தடித்து வந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலைமுடி இருந்தால் பிஸ்டன் உட்காராது, இன்ஜின் ஓடாது. இவர் அதை முபாரக்கிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்னிடம்தான் சொன்னார், அதுவும் சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி.

"நாம இல்லாதப்போ பாய் ஏதோ பண்றார்."

"என்ன பண்றார்?"

"பெரிசா எதையோ மாட்டி மிஷினைக் கோண வெச்சிருக்கார். இல்லேன்னா புது பேரிங்கைக் கழட்டிண்டு பழசைப் போட்டுருக்கார். மருமகன் கடைக்கு வேலை ஏதாவது செஞ்சு குடுக்கறாரோ என்னமோ."

"எட்டு வருஷமா பழகறேள். நேரா கேளுங்கோளேன்."

"கேட்டா இல்லேம்பார்."

நகப்பூச்சு அதற்குத்தான். லேத்தின் ஒவ்வொரு போல்ட் தலையிலும், தலையையும் அடியையும் சேர்த்து, ஒரு சிவப்புக் கோடு. யாராவது திருகினால் கோடு விரிந்து காட்டிக்கொடுத்துவிடும். நானும் போய்ப் பார்த்தேன். கோடு கோடாக இல்லை. போல்ட்டைச் சுற்றிலும் அப்பியிருந்தது. கொஞ்ச நாளாகவே இவர் வலது கை நடுங்குகிறது. "நான் வெக்கட்டுமா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும், நீ போ" என்றார். கை நடுங்குவதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச விட மாட்டார்.

அடுத்த வாரம் வாய்க்கால் பக்கத்துக் காலின் போல்ட்டில் நகப்பூச்சு விரிந்திருந்தது. இவர் முகத்தில் வந்த ஒளியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மனசுக்குள் எனக்கும் ஒரு முள் தைத்தது. ஏன் திருகினார்? திருகியவர் ஏன் சொல்லவில்லை? அன்று மாலை முபாரக் வந்து வழக்கம்போல், "மாமி, காபி உண்டா?" என்று கேட்டபோது, தரும்போதே அவர் கண்ணைப் பார்த்தேன். அவரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சந்தேகம் இப்படித்தான், ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

கடைசியில் இவர் பொறி வைத்தார். "நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் திருவிடைமருதூர் போறோம் பாய், வர சாயங்காலம் ஆயிடும்" என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னார். பழைய கைப்பேசியைச் சார்ஜரில் சொருகி, எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே ஒளித்து, வீடியோவை ஓடவிட்டார். மகாலிங்க சுவாமி சந்நிதியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரகாரம் கூடச் சுற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே ஷெட்டுக்குப் போய்க் கைப்பேசியை எடுத்து வந்தார். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். வெகு நேரம் வெறும் லேத்தான் தெரிந்தது. பிறகு கதவு உரசும் சத்தம். முபாரக் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு தன் சாவியோடு உள்ளே வந்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். ரசமட்டத்தை வைத்தார். வாய்க்கால் பக்கத்துக் காலின் போல்ட்டைத் தளர்த்தினார். சமத்துக்காகக் காலுக்கடியில் கொடுத்திருந்த மெல்லிய தகடுகளில் ஒன்றை உருவினார். மறுபடி இறுக்கினார். ஒரு கம்பியைக் கடைந்து இரண்டு முனையும் அளந்தார். கீழே விழுந்த இரும்புச் சுருளை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா! தடயத்தை எடுத்துண்டு போறார் பாத்தியா!"

நான் பார்த்தேன். திருடுகிறவர் கடைந்த கம்பியை அளந்து பார்த்து ஏன் பெருமூச்சு விட வேண்டும் என்றும் யோசித்தேன். அதைச் சொல்வதற்குள் இவர் முபாரக்குக்குப் போன் செய்துவிட்டார்.

முபாரக் வந்து, நின்றபடியே அந்த வீடியோவைப் பார்த்தார். முழுதும் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"கேமரா எப்பலேந்து வச்சிருக்கீங்க?"

"அது இருக்கட்டும். மிஷினை என்ன பண்ணினீங்க, அதைச் சொல்லுங்க."

முபாரக் என்னை ஒருதரம் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை அது.

"சார், உங்க கை நடுங்குது. ரொம்ப நாளாப் பாக்குறேன். மிஷின் கோணலா கடையவும், நீங்கதான் கை தவறி டூலை மிஷின்ல இடிச்சிட்டீங்க, சொல்லச் சங்கடப்படுறீங்கன்னு நெனச்சேன். நான் கேட்டா உங்களுக்கு அசிங்கமா இருக்கும். அதான் நீங்க இல்லாதப்ப தகட்டை மாத்தி நிமித்தி வச்சேன். இன்னிக்குத்தான் கொஞ்சம் சரியா வந்துச்சு."

ஆக, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கேமரா வைத்தார், இன்னொருவர் தகடு உருவினார்.

இவர் முகம் சிவந்துவிட்டது. "என் கையைப் பத்தி யார் கேட்டா? என் கை நன்னாத்தான் இருக்கு!" என்று கத்தினார். அப்போது அந்தக் கை நாற்காலி விளிம்பில் தடதடத்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

முபாரக் ஷெட் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "வர்றேன் மாமி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. இவர் நாற்காலிக்குத் திரும்பினார். குறுவை அறுத்தார்கள், சம்பா நட்டார்கள், மழை கொட்டியது, பொங்கல் வந்து போயிற்று. ஷெட் பூட்டியே கிடந்தது. கடைத்தெருவில் முபாரக்கின் மனைவி நஜ்மாவைப் பார்த்தால், "ஒங்க அண்ணனும் இப்படித்தான் மோட்டுவளையப் பாத்துட்டு ஒக்காந்திருக்காக மாமி" என்பாள். அவள் தன் வீட்டுக்காரரை எனக்கு அண்ணனாக்கி வெகு நாளாகிறது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம். ஆண்களைச் சொல்லி என்ன?

மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் நின்று, கரை மண் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒருநாள் இவர் என்ன நினைத்தாரோ, ஷெட்டைத் திறந்தார். ஒரு கம்பியை மாட்டித் தானாக ஓடவிட்டுக் கடைந்தார். நான் போனபோது தரையில் உட்கார்ந்திருந்தார். இப்போது மறு முனை தடித்து வந்திருந்தது.

"யாரும் உள்ள வரலை. சாவி எங்கிட்டதான் இருக்கு. அவர் சொன்னது சரிதான் விஜயம். என் கைதான்."

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. கோபம்கூட வந்தது. "மிஷின் தானா ஓடறப்போ உங்க கை எங்கேந்து வந்தது? ஆடியில இந்தக் கதவைத் தோளால தள்ள வேண்டியிருந்தது. இன்னிக்கு ஒத்தை விரலால திறந்துட்டு வந்தேன். கதவு மேல யாரைச் சந்தேகப்படப் போறேள்?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தார். பிறகு எழுந்து ரசமட்டத்தை எடுத்தார். வாய்க்கால் பக்கத்துக் கால் இறங்கியிருந்தது. தண்ணீர் வந்தால் இந்தக் களிமண் ஊதிப் புடைக்கும், காய்ந்தால் சுருங்கும். ஊரில் எந்த வீட்டுச் சுவரைக் கேட்டாலும் சொல்லும். இவர்களோ மண் சுண்டிக் கிடந்த சித்திரையில் சமம் பார்த்துவிட்டு, ஈரம் ஏறியதும் ஆளுக்கு ஆள் மனிதர்களைத் துப்பறிந்துகொண்டிருந்தார்கள். முபாரக் உருவிய தகட்டுக்கு ஈடாக வேறொன்றைச் சொருகி மறுபடி கடைந்தார். கம்பி நேராக வந்தது.

"கிளம்பு" என்றார்.

முபாரக் வீட்டில் நஜ்மா எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டாள். முபாரக் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. இவர் மண்ணைப் பற்றி, வாய்க்காலைப் பற்றி, தகட்டைப் பற்றிக் கடகடவென்று சொன்னார். "மிஷின் கோணினதுக்கு நீங்களும் காரணம் இல்ல பாய், நானும் இல்ல."

"அதைச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க?"

இவர் எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பதைத்தது. பிறகு, இத்தனை நாள் சட்டைப் பைக்குள்ளும் துண்டுக்கடியிலும் வைத்திருந்த வலது கையை எடுத்து முன்னால் நீட்டினார்.

"இது நிஜம் பாய். சட்டை பட்டன் போட முடியலை. கையெழுத்து மாறிப்போச்சு. யாராவது கேட்டுடுவாளோன்னுதான் எல்லாரையும் நான் கேள்வி கேட்டுண்டிருந்தேன். எனக்கு பயமா இருக்கு."

என்னிடம் ஒருநாளும் சொல்லாதது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே, இதை முதலில் என்னிடம் சொல்லக் கூடாதா என்று ஆத்திரமும் வந்தது.

முபாரக் அந்தக் கையைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"இல்ல."

"நீங்க எனக்குக் கேமரா வச்சத நான் மறக்க மாட்டேன் சார். அத மறந்துட்டேன்னு வாய்வார்த்தைக்குக்கூடச் சொல்ல மாட்டேன். அதுக்கு ஒருநாள் ஒக்காந்து சண்ட போடுவோம்" என்றபடி எழுந்தார். "இப்ப தஞ்சாவூருக்குப் பஸ் இருக்கு. நஜ்மா, அந்தச் சட்டைய எடு."

நஜ்மா உள்ளே போனாள். இவர் கையை மறைக்காமல் மடிமேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.