யாரையும் இடிக்கவில்லை

ரொட்டி வேன் அந்த வேகத்தடையைத் தாண்டியது அன்று காலையில் நான்காவது முறை. சக்கரம் ஏறி இறங்கியதுமே ஓட்டுநருக்கு நெஞ்சு திக்கென்றது. யார் மேலோ ஏற்றிவிட்டோம் என்ற எண்ணம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தார். தெருவில் காகிதக் குப்பை தவிர ஒன்றுமில்லை. நிம்மதியாகக் கிளம்பினால், முனை திரும்புவதற்குள் 'சரியாகப் பார்த்தோமா?' என்று மறுபடி ஆரம்பித்தது. ஏழு மணிக்குக் கடைகளுக்குப் போகவேண்டிய ரொட்டி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தது. பதினாறு வருட ஓட்டத்தில் ஒரு பூனையைக்கூட இடித்தவரில்லை அவர்.

வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் அதே கேள்வி. "நான் யாரையும் இடிக்கலைல்ல?"

"இல்லீங்க" என்பாள், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. வேனில் அவள் ஏறியதே கிடையாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லில் அவர் முகம் தெளிவதைப் பார்த்து, ஒரு நாளைக்கு முப்பது தடவை சொன்னாள். அது அறுபதானது. சில நாள் எரிந்து விழுந்தாள், விழுந்ததற்காக அழுதாள், அழுதுகொண்டே மறுபடியும் "இல்லீங்க" என்றாள்.

பேக்கரி முதலாளி மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் போட்டுக்கொண்டார். அதோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான் ஓட்டுநர். சவரமில்லை, குளியலில்லை. அவருடைய அண்ணன், எலக்ட்ரீஷியன், வரும்போதெல்லாம் திட்டிவிட்டுப் போவார்: உடம்பு வணங்காதவனுக்கு நூறு சாக்கு. ஒரு நாள் ஓட்டுநர், தான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று முணுமுணுத்தார். அன்றே மனைவி அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒரே எண்ணம் விடாமல் துரத்துவது எண்ணச் சுழற்சி நோய். அதோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. மாத்திரை வேலை செய்ய ஆறு வாரமாகலாம், சிலருக்குப் பன்னிரண்டும் ஆகும். கூடவே பயிற்சி: பயம் வந்தாலும் திரும்பிப் போய்ப் பார்க்காமல், அது தானாகத் தணியும்வரை தாங்கப் பழக வேண்டும். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீங்க சொல்ற 'இல்லீங்க' அவருக்கு மருந்து இல்லம்மா. அவரோட நோய்க்குத்தான் தீனி."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

இரண்டு வாரம் ஓடியது. குமட்டலும் அசதியும்தான் மிச்சம், நோய் அசையவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த சமயம் அண்ணன் வந்து, இந்த மருந்தெல்லாம் விட முடியாத பழக்கமாகிவிடும், மனதைத் திடமாக வைத்துக்கொள் என்று சொல்லி மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். தம்பியும் அதை மனைவியிடம் மறைத்துவிட்டார். மருந்தில்லாமல் இருபது நாள் பாழ்.

ஒரு பிற்பகல் காவல் நிலையத்திலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. தன்னால் விபத்து ஏதும் நடந்ததா என்று கேட்டு அன்று மட்டும் மூன்று தடவை வந்துவிட்டாராம் தம்பி. அண்ணன் போய்ப் பார்த்தபோது அவர் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பீதியோடு பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்ய வலிக்கிறவன் முகம் இப்படியிருக்காது என்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாத்திரைகளைக் குப்பையில் போட்டதை அவளிடம் அண்ணனே ஒப்புக்கொண்டார். அவள் கத்தவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களும் வர வேண்டும் என்றாள்.

எல்லாம் முதலிலிருந்து. பத்து வாரம் கழித்து, பயிற்சிக்காக அண்ணனின் வண்டியைத் தம்பி சந்தைச் சாலையில் ஓட்டினார். பக்கத்தில் அண்ணன், பின்னால் அவள். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் அவர் சட்டை நனைந்துவிட்டது.

"அண்ணா, ஒண்ணுமில்லன்னு ஒரே ஒரு தடவ சொல்லேன்."

அண்ணன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவள் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி திரும்பவில்லை. இருபது நிமிடத்தில் பயம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். இன்னும் எத்தனையோ நாள் இப்படி ஓட்ட வேண்டும்.

வண்டியை நிறுத்தியதும் அண்ணன் அவளிடம் சொன்னார்:

"திட்டுனா போற நோயா இருந்தா, நான் திட்டுன திட்டுக்கு இவன் எப்பவோ குணமாயிருக்கணும்மா. மருந்த நிறுத்தச் சொல்ல நான் யாரு? இது சோம்பேறித்தனம் இல்ல, நோய். டாக்டர் சொல்ற வரைக்கும் வைத்தியத்த விடாம பாக்கணும். கூட இருக்குற நாம வாய அடக்கணும்."