தரிசனத்தில் வந்த துறைமுகம்

தம்பி புதுச் சபை தொடங்கப்போகிறான் என்றதும், அச்சகத்தில் டைப் அடிக்கும் அக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். போன வருஷம் வரை தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றான். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ். இரண்டிலும் வாய் ஓடிய ஓட்டத்துக்கு வேலை ஓடவில்லை.

"இருபத்தோரு நாள் உபவாசமிருந்து வாங்கின தரிசனம்க்கா. சபை என்னென்ன செய்யணும்னு கர்த்தர் காட்டினது. ஒரு எழுத்துகூட மாத்தாம அடிச்சுக் கொடு" என்று நான்கு தாள்களை நீட்டினான். உபவாசத்தில் ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை.

மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. 'இத்துறைமுக நகரின் மாலுமிகளைக் கர்த்தருக்கென்று ஆதாயப்படுத்துவோம்.' இங்கிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார வேண்டும். எந்த ஊர்ச் சபையின் வெப்சைட்டிலிருந்தோ அப்படியே உருவியிருக்கிறான். எழுத்து மாறக்கூடாது என்றானே, மாறாமலே அடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மெத்தைக் கடைக்கு மேலே மாடி அறையில் ஒன்பது பேர் கூடினார்கள். தம்பி கோட்டுப் போட்டு, ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்து நின்று வாசித்தான். மாலுமிகள் வந்த இடத்தில் குரல் தழுதழுத்தது.

ரிட்டயரான பஸ் டிரைவர் கையைத் தூக்கினார். "பாஸ்டர், நம்ம ஊர்ல கப்பல் எங்க வந்து நிக்குது?"

"ஐயா, அது ஆவிக்குரிய துறைமுகம்."

"ஆமென்" என்று முந்திக்கொண்டாள் தம்பி மனைவி.

பக்கத்துத் தெருத் தையல்காரி தயங்கி எழுந்தாள். "எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. ஒத்த ஆளா என்னால புரட்டிப்போட முடியல, முதுகெல்லாம் புண்ணு. சபையிலேர்ந்து யாராவது வந்து கைகொடுப்பீங்களா?"

"நல்ல ஊழியம்தான் சிஸ்டர். ஆனா அது மூணாவது வருஷத் திட்டத்துல வருது. முதல்ல பத்தாயிரம் ஆத்துமாவைச் சபையில சேர்க்கணும்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அதுவரைக்கும் அந்தம்மா புண்ணோட கெடக்கணுமாடா? நீ காப்பியடிச்ச வெப்சைட்ல இது இல்ல, அவ்வளவுதானே?"

தம்பியின் முகம் கறுத்தது. "பாத்தீங்களா, சாத்தான் சொந்தத்துக்குள்ள புகுந்துதான் பேசுவான்."

"பேசினது நான்தான். சாத்தானுக்கு வேற வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். டிரைவர் பின்னாலேயே வந்தார். இன்னும் மூன்று பேரும் வந்தார்கள்.

தையல்காரியின் வீட்டில் மெஷினை ஒதுக்கி வைத்த பிறகுதான் கட்டிலை நெருங்க முடிந்தது. டிரைவர் தோளைத் தாங்க, அக்கா இடுப்பைப் பிடிக்க, கிழவியை அலுங்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். துடைத்து, மருந்து போட்டு, விரிப்பை மாற்றினார்கள். யார் எந்தக் கிழமை வருவது என்று நின்றபடியே பேசி முடித்தாயிற்று.

"யாருடி இவங்கல்லாம்?" என்றாள் கிழவி.

"சபைக்காரங்கம்மா."

அந்தச் சொல்லைக் கேட்க அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. அந்நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, தொடக்க நாள் போட்டோ எடுக்கணும். நாற்காலி எல்லாம் காலியா தெரியுது. எல்லாரையும் கூட்டிட்டு வாயேன்."

"நெருக்கி உக்காந்து எடுத்துக்கடா. எங்களுக்கு இங்க துணி அலச வேண்டியிருக்கு" என்று சொல்லி போனை வைத்தாள்.