திருவிடந்தையில் நின்ற கார்

அம்மா செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆறியிருப்பேன். செய்தது அப்பா. அதுதான் இன்னும் எரிகிறது.

எங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் ஒரு பழைய நாவல் உண்டு. அதன் நாயகியைப் புகுந்த வீட்டில் வாசல் தாண்ட விடமாட்டார்கள். ஒருநாள் அவள் அப்பன் வண்டி கட்டிக்கொண்டு வருவான். பிறந்த வீட்டுக்குத்தான் என்று ஆசையாக ஏறுவாள். வண்டி கோயிலுக்குப் போய்விட்டு அதே வாசலில் வந்து நிற்கும். "இறங்கும்மா" என்பான். அவளும் பேசாமல் இறங்கி உள்ளே போய்விடுவாள். எனக்குப் படித்துக் காட்டும்போது அப்பா அந்த இடத்தில் கண் கலங்கிப் புத்தகத்தை மூடிவிடுவார். "தூ! இவனெல்லாம் ஒரு அப்பனா?" என்பார்.

குவஹாத்தியில் எனக்கு ஆராய்ச்சிப் படிப்பு கிடைத்ததும் அம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள். "நீ போ சுஷ்மி, நான் இருக்கேன்ல" என்றவர் அப்பாதான். விமான டிக்கெட்டும் அவரே போட்டார். அந்த விமானத்தில் போய் மறுநாளுக்குள் சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கிளம்பும் அன்று அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஏர்போர்ட்டுக்கு எதற்குப் பட்டு என்று சிரித்தேனே, மண்டு! அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

திருவிடந்தை வந்ததும் கார் கோயில் பக்கம் திரும்பியது.

"நல்ல காரியத்துக்குப் போறோம், ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம். எறங்கும்மா" என்றார் அப்பா.

இறங்கினேன். கல்யாணம் ஆகாதவர்கள் அது கூடிவர மாலை போட்டுக்கொண்டு சுற்றுகிற கோயில் அது. கொடிமரத்தருகே ஒரு குடும்பம் எங்களைப் பார்த்து எழுந்து நின்றது. நடுவில் இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவன். பேர் பரணிதரனாம். அவன் அம்மா என் தலைமுடியைத்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "டிக்கெட்ட நேத்தே கேன்சல் பண்ணிட்டேன்டா. நல்ல இடம். கல்யாணத்துக்கப்புறம் அவங்க சம்மதிச்சா படியேன், யாரு வேண்டாங்கறா?"

"அந்த நாவல்ல வர்ற அப்பனத் திட்டினீங்களேப்பா!"

"அது கதைம்மா" என்றார்.

அம்மா என் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டாள். "சுத்திட்டு வா. இத வீட்ல பத்திரமா வைக்கணும்."

சுற்றப் போனேன். பெட்டி காரில், கார் சாவி அப்பாவின் பையில். ஆனால் சர்டிபிகேட்டெல்லாம் என் தோள்பையில் இருந்தன. ஊருக்குப் போகும்போது அதையெல்லாம் பெட்டியில் வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தவரும் அதே அப்பாதான். ஒரு சுற்று முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்து மண்டபம் எங்கே பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே வாசலுக்கு நடந்தேன்.

பூக்கடை அம்மா தடுத்தாள். "இன்னாம்மா, மாலையோட ரோட்டாண்ட போய்கினுகீற? வூட்டுக்கு எத்துகினு போணும்மா அது!"

கழற்றி அவள் கூடை மேல் வைத்தேன். "எங்கப்பா வருவாரு. அவர்கிட்டயே குடுத்துடுங்க."

ஈ.சி.ஆர் சாலையில் சென்னை பஸ் வந்தது. கை காட்டி ஏறும்போதே பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சிரைக்க ஓடி வந்தார் அப்பா, கையில் அந்த மாலை. பெட்டியைக் கொண்டு வருகிறாரோ என்று ஒரு நொடி நினைத்தேனே, அந்த நினைப்புக்காகத்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

"எறங்கும்மா" என்றார்.

"இன்னாம்மா, வர்றியா, எறங்குறியா?" கண்டக்டர் கத்தினார்.

அப்பா அழுதுகொண்டிருந்தார், புத்தகத்தை மூடும்போது அழுவது போலவே. எனக்கும் அழுகை வந்தது.

"போலாம்ண்ணே" என்றேன்.